தேருக்கு ஏற்ற வீதி

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. ஈப்போவில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பினாங்குத் தீவைச் சுற்றிப் பார்க்க அவர்கள் இம்முறை ஒரு கேரவன் வண்டியை வாடகைக்கு எடுக்க விரும்புகிறார்கள். கேரவன் என்பது படுக்கையும் அடுப்பும் கொண்ட, சக்கரம் பூட்டிய சிறு வீடு. நாம் இங்குப் பேசும் கேரவனுக்கு இயந்திரம் கிடையாது. மகிழுந்தின் பின்புறத்தில் உள்ள கொக்கியில் மாட்டி அதை இழுத்துச் செல்ல வேண்டும். இவ்வாறு இழுத்துச் செல்லப்படும் வண்டிகளைப் பொதுவாக டிரெய்லர் என்கிறோம்.

இரவு உணவுக்குப் பின் மேசையின்மேல் பினாங்கு வரைபடம் விரிக்கப்படுகிறது. “அப்பா, பத்து ஃபெரிங்கி வழியாகவே போவோம். அங்கேதான் கடல் அழகாக இருக்கும்!” என்கிறார்கள் பிள்ளைகள். தந்தையும் தலையசைக்கிறார். அவர் இருபது ஆண்டுகளாக மகிழுந்து ஓட்டுபவர். ஆனால், இதுவரை டிரெய்லர் எதையும் இழுத்துச் சென்றதில்லை. அப்போது தாய் ஒரு கேள்வி கேட்கிறார். “சாலை அழகானதுதான். நம் வண்டிக்கு அது ஏற்றதா?”

பயணத்தின் பாதுகாப்பே இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. மகிழுந்தும் கேரவனும் சேர்ந்தால் ஏறத்தாழ 11 மீட்டர் நீளம் வரும். அத்தகைய நீண்ட வண்டிக்கு ஏற்ற கடலோரச் சாலையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? பினாங்குத் தீவையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

தீவின் இரு முகங்கள்

பினாங்குத் தீவின் நடுவே மலைத்தொடர் ஒன்று வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. நாம் நன்கறிந்த கொடிமலையும் இத்தொடரைச் சேர்ந்ததே. இதன் மிக உயர்ந்த சிகரம் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் அதிகமான உயரம் உடையது. மலைக்கும் கடலுக்கும் இடையில் எவ்வளவு சமவெளி இருக்கிறதோ, அதைப் பொறுத்தே சாலையின் இயல்பும் அமைகிறது.

தீவின் கிழக்குக் கரையில் சமவெளி உண்டு. மேலும், பல இடங்களில் கடல் மண்ணிட்டு மேடாக்கப்பட்டுள்ளது. அதனால், அங்கு அகலமான, பெரும்பாலும் நேரான சாலையை அமைக்க முடிந்தது. ஜோர்ஜ் டவுனையும் தெற்கே உள்ள பத்து மாவுங்கையும் இணைக்கும் துன் டாக்டர் லிம் சொங் இயூ நெடுஞ்சாலை அத்தகையது. 1969 முதல் 1990 வரை பினாங்கின் முதலமைச்சராக இருந்தவரின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

வடக்குக் கரையின் நிலையோ வேறு. தஞ்சோங் பூங்காவைக் கடந்ததும் மலைச்சரிவு கடலை நெருங்கி வருகிறது. சாலை போடுவதற்கு எஞ்சியிருப்பது மலையடிவாரத்தில் ஒரு குறுகிய விளிம்புதான். மலை உள்வாங்கும் இடத்தில் சாலையும் உள்வாங்குகிறது. மலை துருத்தி நிற்கும் இடத்தில் சாலையும் வளைந்து வெளியே வருகிறது. பத்து ஃபெரிங்கிக்குச் செல்லும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் கடல் புதிதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். கண்ணுக்கு விருந்தாகும் அதே வளைவுகள்தாம் நீண்ட வண்டிக்குச் சோதனையாகின்றன.

தெலுக் பஹாங்கிற்கு அப்பால் சாலை கடலை விட்டு விலகி, அணைக்கட்டின் ஓரமாக மலையேறி, பாலிக் புலாவை நோக்கி இறங்குகிறது. வழியில் தித்தி கெராவாங் அருவியும் பழக்கடைகளும் உள்ளன. வளைவு, ஏற்றம், இறக்கம் ஆகிய மூன்றும் அங்கு ஒன்றுசேர்ந்து வரும்.

வளைவில் நிகழ்வது என்ன?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மிதிவண்டியின் இரு சக்கரங்களையும் நீரில் நனைத்து, பள்ளித் திடலின் காய்ந்த சிமெண்டுத் தரையில் மெதுவாக வட்டமிடுங்கள். தரையில் இரண்டு ஈரத்தடங்கள் தெரியும். பின்சக்கரத்தின் தடம் முன்சக்கரத்தின் தடத்திற்கு உட்புறமாகவே விழுந்திருக்கும். திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிடச் சிறிய வட்டத்தில் செல்வதே இதற்குக் காரணம்.

வண்டி நீள நீள இந்த வேறுபாடும் கூடும். முன்சக்கரங்கள் 15 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புவதாகக் கொள்வோம். சாதாரண மகிழுந்தின் பின்சக்கரங்கள் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் மட்டுமே உட்புறம் விலகும். ஆனால், கொக்கியிலிருந்து 5 மீட்டர் பின்னால் அச்சு அமைந்த கேரவனின் சக்கரங்கள் ஏறத்தாழ 1 மீட்டர் உட்புறம் விலகும். வளைவின் ஆரம் 30 மீட்டராக இருந்தால் இந்த விலகல் பாதியாகக் குறையும். வளைவு கூர்மையாக ஆக விலகல் கூடும் என்பதை இக்கணக்கு நமக்கு உணர்த்துகிறது.

ஒரு மீட்டர் என்பது சிறிய அளவா? மூன்றேகால் மீட்டர் அகலமுள்ள தடத்தில் இரண்டேகால் மீட்டர் அகலமுள்ள கேரவன் செல்கிறது என்றால், இருபுறமும் அரை மீட்டர் இடமே மிஞ்சும். இந்நிலையில், இடப்பக்க வளைவில் கேரவனின் சக்கரம் சாலையோரக் கால்வாயை நோக்கிச் செல்லும். வலப்பக்க வளைவிலோ நடுக்கோட்டைத் தாண்டி, எதிரே வருபவரின் தடத்திற்குள் நுழையும்.

இங்கு நாம் மறக்கக்கூடாத ஒருவர் இருக்கிறார். அவர் மோட்டார் சைக்கிளோட்டி. மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. வளைவில் மகிழுந்து தம்மைக் கடந்துவிட்டது என்று அவர் நினைப்பார். ஆனால், அதைத் தொடர்ந்து வரும் கேரவன் அவர் இருக்கும் பக்கம் நெருங்கி வரும். ஓட்டுநரின் கண்ணாடியில் அவர் தென்படாமலும் போகலாம். ஆகவே, சாலையைத் தேர்ந்தெடுப்பது நம் வசதிக்காக மட்டுமன்று. நம்மோடு சாலையைப் பகிர்ந்துகொள்பவரின் உயிருக்காகவும்தான்.

‘பெரிய பேருந்துகள் அந்தச் சாலையில் நாள்தோறும் செல்கின்றனவே?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பேருந்தின் பின்சக்கரங்களும் வளைவில் உட்புறம் விலகவே செய்கின்றன. ஆனால், பேருந்தோட்டுநர் அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவையும் அறிந்தவர். தம் வண்டியின் நீளத்தையும் பழகி அறிந்தவர். பேருந்து ஒரே உடலாக இருப்பதால் தேவைப்பட்டால் எளிதாகப் பின்னோக்கி வரும். டிரெய்லரோ நடுவில் மூட்டு உடையது. பின்னோக்கிச் செல்லும்போது அதை இடப்புறம் திருப்ப வேண்டுமானால் மகிழுந்தின் சுக்கானை முதலில் வலப்புறம் திருப்ப வேண்டும். சற்றுத் தவறினாலும் இரு வண்டிகளும் மடக்குக் கத்தியைப் போல மடிந்துகொள்ளும். குறுகிய வளைவில், பின்னால் வாகனங்கள் வரிசையாக நிற்கும் வேளையில், புதியவர் ஒருவர் இதைச் செய்வது மிகவும் கடினம்.

தேரும் முட்டுக்கட்டையும்

பெரிய வண்டிக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுப்பது தமிழருக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் கோயில் நகரங்களைப் பாருங்கள். கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளும் அகலமாகவும் நேராகவும் இருக்கும். அவற்றுள் பலவற்றிற்குத் தேரோடும் வீதிகள் என்றே பெயர். திருவாரூர் ஆழித்தேர் அலங்கரிக்கப்பட்ட நிலையில் ஏறத்தாழ 96 அடி உயரம் உடையது. அத்தகைய தேரை எந்தச் சந்திலும் இழுத்துச் செல்ல முடியாது. தேருக்கு ஏற்ற வீதியில்தான் தேரோட்டம் நடைபெறும்.

தேரை இழுப்பதைவிட நிறுத்துவதும் திருப்புவதும் கடினமான செயல்கள். அதற்காகவே சக்கரங்களின் அடியில் முட்டுக்கட்டை என்னும் மரக்கட்டையை இடுவார்கள். அதை இடுபவர் சக்கரத்தின் அருகிலேயே நடந்து, உரிய நொடியில் உரிய பக்கத்தில் கட்டையைப் போட வேண்டும். தேர் வீதியின் முனைக்கு வந்ததும் மெதுவாக, சிறிது சிறிதாகத் திருப்பப்படும். அங்கு யாரும் அவசரப்படுவதில்லை. இன்று திருவாரூர்த் தேரில், திருச்சியில் உள்ள பாரத மிகுமின் நிறுவனம் அமைத்துத் தந்த நீரழுத்தத் தடைக்கருவிகளும் பயன்படுகின்றன.

பினாங்கிலும் தைப்பூசத்தின்போது இக்காட்சியை நாம் காண்கிறோம். நாட்டுக்கோட்டை நகரத்தார் கோயிலின் வெள்ளி இரதம், காளைகள் இழுக்க, பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படும். அன்று இரதம் செல்லும் வழியில் போக்குவரத்து மாற்றிவிடப்படுகிறது. இரதத்தின் முன்னும் பின்னும் ஆட்கள் வழி பார்த்துச் செல்கிறார்கள். பெரிய வண்டி ஒன்று வீதிக்கு வரும்போது எவ்வளவு முன்னேற்பாடு தேவை என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

நம் கேரவனுக்கு வீதியில் முட்டுக்கட்டை போட ஆள் கிடையாது. தடைக்கருவியே அந்த வேலையைச் செய்ய வேண்டும். எடை இரு மடங்கானால், அதே வேகத்தில் செல்லும் வண்டியை நிறுத்தத் தடைக்கருவி ஏற்க வேண்டிய வெப்பமும் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் அந்த வெப்பம் நான்கு மடங்காகும். நீண்ட இறக்கத்தில் தடைக்கருவியை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறி வலுவிழந்துவிடும். எனவே, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, தாழ்ந்த கியருக்கு மாறி, இயந்திரத்தின் பிடியிலேயே வண்டியை இறக்க வேண்டும். தெலுக் பஹாங்கிற்கும் பாலிக் புலாவுக்கும் இடைப்பட்ட மலைச்சாலையைப் புதிய ஓட்டுநர் டிரெய்லருடன் தவிர்க்க வேண்டும் என்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

பாரமும் காற்றும்

சாலை ஏற்றதாக இருந்தாலும் பாரத்தைத் தவறாக ஏற்றினால் ஆபத்து உண்டு. கனமான பொருள்களைக் கேரவனின் பின்கோடியில் வைத்தால் முன்பகுதி மேலே எழும்ப முயலும். கொக்கியின் மீதுள்ள அழுத்தம் குறையும். அப்போது கேரவன் நாயின் வால்போல இருபுறமும் ஆடத் தொடங்கும். கனமான பொருள்களைத் தரையோடு தரையாக, அச்சுக்கு மேலேயும் சற்று முன்னேயும் வைக்க வேண்டும். மயிலிறகுதானே என்று அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் எச்சரிக்கிறார். தலையணை, துணிமணி, தண்ணீர்ப் புட்டி என்று சிறுகச் சிறுகச் சேரும் பாரத்திற்கும் அது பொருந்தும்.

கேரவனின் உயரமான பக்கங்கள் கப்பலின் பாய்போலக் காற்றைத் தாங்கும். கடலின்மீது செல்லும் பாலங்களில் பக்கக் காற்றைத் தடுக்க மலையோ மரமோ இல்லை. அங்கு மெதுவாகவும் ஒரே சீரான வேகத்திலும் செல்ல வேண்டும். கேரவன் ஆடத் தொடங்கினால் வேகத்தைக் கூட்டவோ சுக்கானைச் சட்டென்று திருப்பவோ கூடாது. காலை மெல்ல எடுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். புயற்காற்று வீசினால் பாலத்தில் ஏறாமல் காத்திருப்பதே அறிவுடைமை.

வழிகளை ஒப்பிடுவோம்

ஈப்போவிலிருந்து வரும் குடும்பம் எவ்வாறு தீவை அடையலாம்? படகுத்துறை வழி இப்போது உதவாது. பட்டர்வொர்த்துக்கும் ஜோர்ஜ் டவுனுக்கும் இடையே செல்லும் பயணப் படகுகள் 2021ஆம் ஆண்டு முதல் மகிழுந்துகளை ஏற்றுவதில்லை. ஆகவே, பாலங்கள் இரண்டே வழிகள்.

முதலாவது, 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம். இது 13.5 கிலோமீட்டர் நீளமுடையது. இரண்டாவது, 2014 மார்ச் முதல் நாளன்று திறக்கப்பட்ட சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்ஸாம் ஷா பாலம். இதன் நீளம் 24 கிலோமீட்டர், அதில் 16.9 கிலோமீட்டர் கடலின்மீது செல்கிறது. தெற்கிலிருந்து வருவோருக்கு இரண்டாவது பாலமே முதலில் எதிர்ப்படும். பத்து காவானில் ஏறினால் பத்து மாவுங்கில் இறங்கலாம். நெரிசல் மிக்க பகுதிகளைக் கடக்காமலேயே கிழக்குக் கரை நெடுஞ்சாலையை அடைந்துவிடலாம். அழகிலும் இது குறைந்ததன்று. நெடுந்தொலைவுக்கு இருபுறமும் கடல். எதிரே நீலநிற மலைத்தொடர்.

பத்து மாவுங்கிலிருந்து வடக்கே செல்லும்போது வலப்புறம் கடலும் ஜெரெஜாக் தீவும் தெரியும். முற்காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த தொழிலாளர்கள் பலர், நோய் பரவாமல் தடுப்பதற்காக அத்தீவில் தங்கவைக்கப்பட்டனர். நம் முன்னோர் பலர் இந்நாட்டில் முதன்முதலாகக் கால்வைத்த மண் அதுவாக இருக்கக்கூடும். அகலமான சாலையில் பதற்றமின்றிச் செல்லும்போதுதான் இத்தகைய வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நேரம் கிடைக்கும்.

ஜோர்ஜ் டவுனின் பழைய நகர்ப்பகுதி 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது. லெபோ பாசார் போன்ற வீதிகள் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் ஓடிய காலத்தில் உருவானவை. ஒருவழிச் சாலைகளும் கூர்மையான முனைகளும் அங்கு மிகுதி. அந்த வீதிகளைக் கால்நடையாகச் சுற்றிப் பார்ப்பதே சிறப்பு. டிரெய்லரோடு உள்ளே நுழைந்தால் வெளியே வருவது அரிது.

புறப்படும் முன் கேட்க வேண்டியவை

எந்த ஊருக்குச் சென்றாலும் டிரெய்லர் இழுத்துச் செல்பவர் சில கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். சாலை எவ்வளவு அகலம்? வளைவுகள் எத்தகையவை? நீண்ட ஏற்றமோ இறக்கமோ உண்டா? மேலே உள்ள பாலங்களும் மரக்கிளைகளும் வண்டியின் உயரத்திற்கு இடம் தருமா? வழி தவறினால் எங்கே திரும்பலாம்? கடலைப் பார்க்க விரும்பினால் எங்கே பாதுகாப்பாக நிறுத்தலாம்? வண்டியின் எடைக்கு நம் ஓட்டுநர் உரிமம் பொருந்துமா? இறுதிக் கேள்வியைச் சாலைப் போக்குவரத்துத் துறையிடமே கேட்டுத் தெளிய வேண்டும்.

கைப்பேசி வழிகாட்டியை மட்டும் நம்பிச் செல்வது போதாது. அது பெரும்பாலும் மகிழுந்துக்கு ஏற்ற விரைவான வழியையே காட்டும். நம் பின்னால் கேரவன் இருப்பதை அது அறியாது. செயற்கைக்கோள் படத்தில் வளைவுகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. அதைவிட நல்லது, ஐயம் தரும் சாலையில் முதலில் டிரெய்லர் இல்லாமல் ஒருமுறை சென்று வருவது.

அந்தக் குடும்பத்தின் முடிவு

இனி ஈப்போக் குடும்பத்தின் மேசைக்குத் திரும்புவோம். வரைபடத்தில் இப்போது ஒரு புதிய கோடு போடப்பட்டிருக்கிறது. இரண்டாம் பாலம் வழியாகத் தீவை அடைவார்கள். கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் மெதுவாகச் செல்வார்கள். கேரவனை நிறுத்த அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்த இடத்தில் அதை நிறுத்துவார்கள். சமதளத்தில், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்த பின்னரே கொக்கியைக் கழற்றுவார்கள். தேருக்குப் பயன்பட்ட அதே உத்தி கேரவனுக்கும் பயன்படுகிறது!

பத்து ஃபெரிங்கி என்னவாயிற்று? மறுநாள் காலையில் ஜோர்ஜ் டவுன் படகுத்துறையிலிருந்து 101ஆம் எண் பேருந்தில் ஏறி, தெலுக் பஹாங் வரை செல்ல அவர்கள் முடிவு செய்கிறார்கள். போகும்போது கடல் வலப்புறம். திரும்பும்போது இடப்புறம், சன்னலுக்கு மிக அருகில். சுக்கானைப் பிடித்து வளைவுகளையே பார்க்க வேண்டிய தந்தையும் இம்முறை கடலைப் பார்ப்பார். பிள்ளைகள் கேட்ட அழகும் கிடைத்தது. தாய் கேட்ட கேள்விக்கு விடையும் கிடைத்தது.

நிலத்தில் ஓடும் பெருந்தேர் கடலில் ஓடாது; கடலில் ஓடும் கப்பல் நிலத்தில் ஓடாது என்பதைத் திருவள்ளுவர் ‘இடனறிதல்’ அதிகாரத்தில் எடுத்துரைக்கிறார். தேருக்கும் கப்பலுக்கும் மதிப்பு குறைவு என்பது இதன் பொருளன்று. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு என்பதே பொருள். அழகான சாலைகள் பல உண்டு. அவற்றுள் நம் வண்டிக்கு ஏற்றதை அறிந்து தேர்ந்தெடுப்பவரே தாமும் நலமாக வீடு திரும்புவார். சாலையில் எதிர்ப்படும் மற்றவரும் நலமாக வீடு திரும்ப வழிவிடுவார்.